கால் மைல் ஓட்டத்தில் சொந்தக் கார்: ஒரே நாளில் நேர்ந்த இரண்டு சேதங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

சென்னையில் வாகனக் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கான ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை மழைநீரில் மூழ்கிய எஞ்சின், சிக்னலில் பின்னால் வந்து இடித்த ஆட்டோ என்று பழகிய பாதையிலேயே போகும். இங்கே பதிவு செய்வது அவற்றிலிருந்து விலகிய ஒன்று. ஒரே கார், ஒரே நாள், ஒரே வளாகம். அங்கே நேர்ந்த இரண்டு சேதங்களில் ஒன்றுக்கு இழப்பீடு கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன். உரிமையாளரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

பின்னணி

உரிமையாளர் முப்பதுகளின் நடுவில் இருப்பவர். போரூரில் குடியிருந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். கார் 1,498 சிசி டர்போ பெட்ரோல் செடான், வாங்கி மூன்று ஆண்டுகளைக் கடந்து நான்காவது பாலிசி ஆண்டில் இருந்தது. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. காரில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. ஏர் ஃபில்டர்கூட கம்பெனியில் வந்ததுதான். பேச்சுவழக்கில் ஃபுல் இன்ஷூரன்ஸ் எனப்படும் பேக்கேஜ் பாலிசி நடப்பில் இருந்தது. காப்பீட்டு மதிப்பாகிய ஐடிவி 9,60,000 ரூபாய். உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப், எஞ்சின் பாதுகாப்பு ஆகிய கூடுதல் கவர்களும் இருந்தன. மூன்று ஆண்டுகளாகக் கோரிக்கை ஏதும் இல்லாததால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 35 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், கிடைத்திருந்தது.

சென்னைக்கும் வேகப் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளம் திறக்கப்பட்டது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றியுள்ள மாநகரச் சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. இந்தச் சூழலில் வளர்ந்த இளைஞர்களிடம் காவல்துறை முதல் பெற்றோர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வேகம் வேண்டுமானால் ஈசிஆரில் ஓட்டாதே, அதற்கென்று இருக்கும் இடத்தில் போய் ஓட்டு. இது சரியான அறிவுரை. ஆனால் அந்த இடத்துக்குள் போனதும் கையில் உள்ள பாலிசி என்ன ஆகிறது என்பதை யாரும் கூடவே சொல்வதில்லை.

நம் உரிமையாளர் பதிவு செய்தது ஒரு தனியார் ஓடுதளத்தில் நடந்த ஒருநாள் நிகழ்ச்சிக்கு. மாநகருக்கு வெளியே, பொதுச் சாலையிலிருந்து வேலியால் பிரிக்கப்பட்ட இடம் அது. 402 மீட்டர், அதாவது கால் மைல் நேர்க்கோட்டு ஓட்டம். ஒவ்வொரு காரும் தனியாக, கடிகாரத்துக்கு எதிராக ஓடும். பரிசு இல்லை, தரவரிசை இல்லை. கட்டணம் 3,500 ரூபாய். விண்ணப்பப் படிவத்தில் 'பந்தயம்' என்ற சொல் எங்குமே இல்லை. 'நேரம் அளக்கப்படும் முடுக்க ஓட்டம்' என்றே இருந்தது. இந்தச் சொல் தேர்வு அவருக்கு நிம்மதியைத் தந்தது. பின்னால் அவருக்கு எதிராக நின்றதும் இதே சொல்தான்.

நிகழ்வுக்கு முந்தைய வாரம்

அவர் அலட்சியமாக இருந்தவர் அல்லர் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நான்கு நாட்களுக்கு முன்பே தம் காப்பீட்டு முகவருக்கு வாட்ஸ்அப்பில், "சார், ஞாயிற்றுக்கிழமை டிராக்ல ஓட்டப் போறேன், இன்ஷூரன்ஸ் கவர் ஆகும்ல?" என்று கேட்டிருக்கிறார். "ஃபுல் கவர் இருக்கு சார், ஜீரோ டெப் வேற இருக்கு, தைரியமா போங்க" என்று பதில் வந்தது. ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கான டிராக் என்று நினைத்துக்கொண்டதாக அந்த முகவர் பிறகு என்னிடம் சொன்னார். பத்து ஆண்டுகளாக உரிமம் வைத்திருப்பவர் எதற்காக அங்கே போகப் போகிறார் என்று நான் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. கேட்ட கேள்வியும் தெளிவாக இல்லை, சொன்ன பதிலும் பாலிசியைப் பார்த்துச் சொன்னதாக இல்லை.

பாலிசி ஆவணம் உரிமையாளரின் மின்னஞ்சலில்தான் இருந்தது. முதல் பக்கத்தில், அநேகமாக எவரும் படிக்காத இடத்தில், 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற தலைப்பில் ஒரு பத்தி உண்டு. பிரீமியத்தையும் பாலிசி வாசகத்தையும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக நிர்ணயித்த 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த வாசகம் அது. பிரீமியக் கட்டுப்பாடு நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தனியார் கார் பாலிசிகளில் அதே வாசகம் தொடர்கிறது. வாடகைக்கு ஓட்டுதல், சரக்கு ஏற்றுதல், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், பந்தயத்தில் மற்றவர்களுக்கு வேகம் வகுத்து முன்னோடுதல், வேகச் சோதனை, வண்டியின் தாக்குப்பிடிப்பைச் சோதிக்கும் ஓட்டம், மோட்டார் வணிகம் தொடர்பான பயன்பாடு ஆகிய ஏழையும் தவிர்த்து மற்ற எந்த நோக்கத்துக்கும் காரைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். இந்த வரம்பை மீறி வண்டி பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது நேரும் இழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பது பொது விலக்குகளில் தனியாக இருக்கிறது. பொது விலக்கு என்பதால் சொந்தச் சேதம், மூன்றாம் தரப்பு, உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் கவர் ஆகிய மூன்று பிரிவுகளையும் அது ஒருசேரக் கட்டுப்படுத்தும். ஜீரோ டெப் போன்ற கூடுதல் கவர்கள் அடிப்படைப் பாலிசியின் மேல் நிற்பவை. அடித்தளம் இல்லாத இடத்தில் அவையும் இல்லை.

அன்று நடந்தவை

காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே போனார். ஓடுதளம் வரை சென்றது வழக்கமான பயணம். வழியில் ஏதேனும் நேர்ந்திருந்தால் பாலிசி அதற்குப் பொறுப்பேற்றிருக்கும். ஒன்பது மணிக்குமேல், கார்கள் நிறுத்தப்படும் பேடாக் பகுதியில் எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர் விளக்கக் கூட்டத்துக்குச் சென்றார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றிருந்த ஓர் எஸ்யூவி பின்னால் எடுக்கும்போது இவருடைய காரின் இடது பின்கதவில் இடித்து, பின்விளக்கையும் உடைத்தது. நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்த காணொளியில் அது தற்செயலாகப் பதிவாகியிருந்தது, நேரம் 9:40. இடித்தவர் மன்னிப்புக் கேட்டு 5,000 ரூபாய் தர முன்வந்தார். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று இவர் வாங்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு, இடித்தவரின் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டதோடு சரி.

முதல் ஓட்டம் 10:25-க்கு. இரண்டாவது ஓட்டத்தில் நேரம் 16.8 விநாடி. மூன்றாவது ஓட்டத்தில் முடிவுக்கோட்டை ஏறத்தாழ 138 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தவர், பக்கவாட்டில் இருந்த எண் பலகையில் தம் நேரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். பிரேக் பிடிக்க வேண்டிய இடம் ஒரு கணத்தில் கடந்துவிட்டது. பிடித்தபோது இடப்பக்கச் சக்கரங்கள் தார் விளிம்பில் படிந்திருந்த மணலில் ஏறியதால், ஏபிஎஸ் வேலை செய்தும் கார் இடப்பக்கம் சரிந்து, டயர் அடுக்கிய தடுப்பில் முன்பக்கமாக மோதியது. முன் ஏர்பேக் இரண்டும் விரிந்தன. அவருக்கு மார்பில் வலியும் இடது மணிக்கட்டில் வீக்கமும் இருந்தன. ஏற்பாட்டாளரின் ஆம்புலன்ஸில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு 26 மணி நேரம் கண்காணிப்பில் இருந்தார். எலும்பு முறிவு இல்லை.

ரெக்கவரி வண்டியில் வந்த யோசனை

கார் ரெக்கவரி வண்டியில் ஏற்றப்பட்டபோது உடன் சென்றவர் அவருடைய மைத்துனர். ஓட்டுநர் அவரிடம் சொன்னது: "தம்பி, ரோட்ல மாடு குறுக்க வந்துச்சுன்னு எழுதிடுங்க. ரேஸ்னு சொன்னா ஒரு ரூபா வராது." ஒர்க்ஷாப்பில் காரை இறக்கியபோது அங்கிருந்த ஒருவரும் அதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொன்னார். அன்று மாலைதான் மைத்துனர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, மாடுன்னு போடலாமா?" என்பதுதான்.

போட வேண்டாம் என்றேன். நேர்மை ஒரு காரணம். அதை வைத்து யாருக்கும் பிரசங்கம் செய்ய விரும்பவில்லை. நடைமுறைக் காரணங்களே போதுமானவையாக இருந்தன. ஏர்பேக் விரிந்த காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகமும் பிரேக் நிலையும் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. ரெக்கவரி பில்லில் ஏற்றிய இடம் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவமனையின் விபத்துப் பதிவில், அழைத்து வந்தவர்கள் சொன்ன விவரம் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஃபாஸ்டேக் கணக்கு கார் எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்று சொல்லும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்றாவது ஓட்டத்தைக் குறைந்தது இருபது பேர் படம் பிடித்திருந்தார்கள். மாலைக்குள் அது இன்ஸ்டாகிராமில் சுற்றிக்கொண்டிருந்தது, நம்பர் பிளேட்டோடு. பொய்க் கோரிக்கை பிடிபட்டால் போவது அந்தக் கோரிக்கை மட்டுமல்ல. பின்கதவுச் சேதமும் மருத்துவச் செலவும் உண்மையானவை. அவற்றின் நம்பகத்தன்மையும் கூடவே போகும். மோசடி என்று குற்றவியல் புகாராகவும் அது மாறலாம்.

இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் முக்கியமானது இது என்பது என் கருத்து. பின்னர் கிடைத்த எல்லாமே இதன்மேல்தான் நின்றன.

இரண்டு சேதம், இரண்டு கோரிக்கை

மறுநாள் காலையில் கவனித்தது: உரிமையாளரின் மனைவி காப்பீட்டு நிறுவனத்தின் செயலியில் இரண்டு சேதங்களையும் ஒரே விபத்தாகப் பதிவு செய்திருந்தார். அதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் காரணமும் நேரமும் வேறான இரண்டு இழப்புகள் ஒரே எண்ணின் கீழ் போனால், ஒன்றுக்கான விலக்கு மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வாடிக்கையாளர் சேவையை அழைத்து, பின்கதவுச் சேதத்துக்குத் தனி எண் பெற்றோம். இரண்டு படிவங்களிலும் இடம், நேரம், நிகழ்ச்சியின் தன்மை ஆகியவற்றை உள்ளபடியே எழுதினோம். முன்பக்கச் சேதத்துக்கான படிவத்தில், 'நேரம் அளக்கும் தனி ஓட்டத்தின் முடிவில் பிரேக் பிடிக்கும்போது' என்று எழுதியபோது உரிமையாளரின் கை சற்றுத் தயங்கியது.

சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற சர்வேயர் அன்று பிற்பகலே வந்தார். கம்பெனி ஒர்க்ஷாப்பின் மதிப்பீடு முன்பக்கத்துக்கு மட்டும் 4,72,000 ரூபாய்: பம்பர், பானெட், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், ஏசி கண்டன்சர், இன்டர்கூலர், இடது ஏப்ரன், இரண்டு ஏர்பேக், அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டி, டாஷ்போர்டு. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். இங்கே அந்தக் கோடு 7,20,000 ரூபாய் என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. பின்கதவு, பின்விளக்கு, பெயின்டிங் சேர்ந்து 32,600 ரூபாய். சர்வேயர் நிதானமானவர். விண்ணப்பப் படிவம், ஓட்டங்களின் நேரம் பதிவான நேரத்தாள், காணொளி ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு, "நீங்களே கொடுத்தது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நிராகரிப்புக் கடிதம்

இரண்டு வாரங்களுக்குள் கடிதம் வந்தது. இரண்டு கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டிருந்தன. காரணப் பத்தி இரண்டுக்கும் ஒன்றே. கார் வேகச் சோதனைக்குப் பயன்படுத்தப்பட்டதால் பயன்பாட்டு வரம்பு மீறப்பட்டது என்றும், பேடாக்கில் நின்றதும் அதே நிகழ்ச்சியின் பகுதிதான் என்றும் சொல்லப்பட்டிருந்தது.

உரிமையாளரின் முதல் எதிர்வினை, "நான் யாருடனும் ரேஸ் ஓட்டவில்லையே" என்பதாக இருந்தது. இந்த வாதத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். பந்தயம் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது வலுவானதாகவே தோன்றும். தனி ஓட்டம், பரிசில்லை, எதிராளி இல்லை, ஆகவே பந்தயமில்லை. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பட்டியலில் பந்தயத்தை அடுத்து வேகச் சோதனை தனியாக நிற்கிறது. 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறது, கடக்கும்போது என்ன வேகம் என்று கருவி வைத்து அளப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஏற்பாட்டாளரின் படிவம் பந்தயம் என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டு, தேர்ந்த சொற்களால் வேகச் சோதனையை விவரித்திருந்தது. 'டிராக் டே', 'பெர்ஃபார்மன்ஸ் டே' என்று பெயர் எதுவாக இருந்தாலும், கடிகாரம் ஓடத் தொடங்கிய கணத்தில் தனியார் கார் பாலிசி விலகிக்கொள்கிறது என்றே நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டமும் இதே தடத்தில் செல்கிறது. மூன்றாம் தரப்பினருக்கான இழப்பீட்டு வழக்கில்கூட, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டி பயன்படுத்தப்பட்டது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதமாக வைக்க 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது; முன்பு 149-ஆம் பிரிவில் இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பின் 150-ஆம் பிரிவில் இருக்கிறது. தடுப்புக்குப் பின்னால் நின்ற ஊழியர் எவரேனும் காயம்பட்டிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் உரிமையாளர் அமைதியானார்.

எதற்கு வாதாடுவது, எதை விடுவது

அடுத்த ஒரு வாரம் இந்தக் கேள்வியில் கழிந்தது. உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்திய வழக்கறிஞர், இரண்டையும் சேர்த்தே நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டு போகலாம் என்றார். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்கில்கூட ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்தை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறிய தீர்ப்பை அவர் மேற்கோள் காட்டினார். அந்தத் தீர்ப்பு இருப்பது உண்மை. ஆனால் அதில் மீறல் என்பது சொந்த வண்டியை வாடகைக்கு விட்டது. விபத்துக்கு அந்த வாடகை காரணமாக இருக்கவில்லை. இங்கே மீறலும் விபத்தின் காரணமும் ஒன்றேதான்: வேக ஓட்டம் இல்லையென்றால் அந்த மோதலும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் அலைந்து தோற்பதற்கான வழக்கு இது என்பது என் மதிப்பீடு. முன்பக்கச் சேதத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம்.

பின்கதவின் கதை வேறு. விலக்கின் வாசகம் வண்டி 'பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது' என்று நிகழும் செயலைப் பேசுகிறது. வண்டி எங்கே இருக்கிறது என்பதைப் பேசவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் வழக்கமான தனிநபர் கார் பாலிசியைச் சொல்லலாம். பந்தயத்துக்காக வடிவமைக்கப்பட்ட வளாகத்துக்குள், பந்தயத்திலோ வேகப் போட்டியிலோ கலந்துகொள்ளவோ அதற்குப் பயிற்சி எடுக்கவோ ஆயத்தம் செய்யவோ கொண்டுவரப்பட்டு இருக்கும் வண்டி என்று அங்கே இடத்தையும் நோக்கத்தையும் சேர்த்தே விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாசகத்தின் கீழ் பேடாக்கில் நின்ற காருக்கும் சிக்கல் வரலாம். நம் பாலிசியில் அப்படி ஒரு வரி இல்லை. 9:40-க்கு எஞ்சின் அணைந்து, ஆளில்லாமல் நின்ற கார், 10:25-க்குத் தொடங்கவிருந்த ஓட்டத்துக்காக அப்போது பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. வாசகத்தில் ஐயம் இருந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது காப்பீட்டில் நிலைத்த கொள்கை.

இதற்குக் கோரிக்கை வைப்பதால் லாபம் உண்டா என்பதையும் கணக்கிட்டோம், ஏனென்றால் பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே கையெழுத்திடுகிறார்கள். சிறு பழுதுக்கு இழப்பீடு வாங்கினால் போனஸ் பூச்சியத்துக்குப் போகும். சொந்தச் சேதப் பிரீமியம் போனஸுக்கு முன் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு 45 சதவீதமும் அதன் பிறகு 50 சதவீதமும் கிடைத்திருக்க வேண்டியவர், மாறாக 0, 20, 25, 35, 45 என்று ஏணியின் அடியிலிருந்து ஏறுவார். ஐந்து ஆண்டுகளில் இழப்பு 7,200, 4,800, 4,000, 2,400, 800, ஆகக் கூட்டுத்தொகை 19,200 ரூபாய். கார் பழசாகப் பழசாகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். கட்டாயப் பிடித்தம் 1,000 போக வர வேண்டியது 31,600. எனவே 12,400 ரூபாயாவது மிஞ்சும். தொகை பெரிதல்ல, ஆனால் உரிமையாளர் கோர விரும்பினார். நிராகரிக்கப்பட்ட முன்பக்கக் கோரிக்கையால் போனஸ் கெடாது என்பதையும் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். காணொளியின் நேரமும் நேரத்தாளின் முதல் வரியும் அருகருகே வைக்கப்பட்டன. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் செல்ல வேண்டிய இடம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுநிலை அதிகாரியின் அலுவலகம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, நிறுவனத்தின் நிராகரிப்பிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்த மனுவையும் தயாராக வைத்திருந்தோம்.

மருத்துவமனை பில்

இடையில் 41,300 ரூபாய்க்கான மருத்துவமனைச் செலவு தனியாக நின்றது. கார் பாலிசி கைவிட்டதால் இதுவும் கிடைக்காது என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது. அவருடைய குடும்ப மருத்துவப் பாலிசியைத் திறந்து, ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துள்ள விலக்குகளில் ஒன்பதாம் குறியீட்டைப் படித்தோம். மலையேற்றம், ஆழ்கடல் முக்குளிப்பு ஆகியவற்றுடன் மோட்டார் பந்தயமும் அதில் இருக்கிறது. ஆனால் 'தொழில்முறையாளராகக் கலந்துகொள்வதால்' தேவைப்படும் சிகிச்சை என்றே வாசகம் தொடங்குகிறது. இவர் கட்டணம் செலுத்தி ஓட்டியவர், பரிசுப் பணம் இல்லை, போட்டி உரிமம் இல்லை. நிறுவனம் ஒரு கேள்வி அனுப்பியது. விண்ணப்பப் படிவத்தையே பதிலாக அனுப்பினோம். கையுறை, முகக்கவசம் போன்ற மருத்துவம் சாராப் பொருட்களைக் கழித்து 38,700 ரூபாய் வந்தது. கார் பாலிசியில் எதிராக நின்ற அதே காகிதம் இங்கே துணையாக வந்தது.

முடிவு

குறைதீர் அலுவலர் 12-ஆம் நாளில் பின்கதவுக் கோரிக்கையை ஏற்று 31,600 ரூபாய் வழங்க உத்தரவிட்டார்; முன்பக்கத்துக்கான நிராகரிப்பு அப்படியே நின்றது. ஒம்புட்ஸ்மேன் மனு தேவைப்படவில்லை.

சேதமான தடுப்புக்காக ஏற்பாட்டாளர் 18,000 ரூபாய் கேட்டார். தடுப்புச் சேதத்தைத் தாமே ஏற்பதாக உரிமையாளர் கையெழுத்திட்டிருந்தார். அது ஒப்பந்தத்தால் ஏற்றுக்கொண்ட பொறுப்பு என்பதால், வேகச் சோதனை விலக்கு இல்லாமல் இருந்திருந்தாலும் மூன்றாம் தரப்புப் பிரிவில் கிடைத்திருக்காது. ஏற்பாட்டாளர் எடுத்திருந்த நிகழ்ச்சிப் பாலிசி பார்வையாளர்களுக்கும் ஊழியர்களுக்குமானது. பங்கேற்பவர்களின் கார்களுக்கு அதில் இடமில்லை.

முன்பக்கத்தைக் கம்பெனி ஒர்க்ஷாப்பில் செய்யாமல் வெளியே ஒரு பல பிராண்டு ஒர்க்ஷாப்பில் செய்தார்கள். பானெட், ஹெட்லைட், கண்டன்சர் ஆகியவை பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைத்தன. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற கேள்விக்குப் பில்லோடு பதில் சொல்லக்கூடிய கடையைத் தேடி இரண்டு சனிக்கிழமைகள் அலைந்தார்கள். ஏர்பேக்கும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சீட்பெல்ட்டும் மட்டும் கம்பெனியிலிருந்து புதிதாக வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மொத்தம் 2,95,000 ரூபாய், முழுவதும் கைக்காசு. கார் ஒர்க்ஷாப்பில் கிடந்த ஏழு வாரங்களிலும் வங்கித் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

முகவர் மீது புகார் கொடுப்பதைப் பற்றியும் பேசினோம். அவருடைய வாட்ஸ்அப் பதில் பாலிசியின் வாசகத்தை மாற்றிவிடாது. அது நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் ஆகாது. உரிமையாளர் புகாரைத் தவிர்த்தார், அடுத்த புதுப்பித்தலில் முகவரையும் தவிர்த்தார்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

கேள்வியை முகவரிடம் அல்லாமல் நிறுவனத்திடம், மின்னஞ்சலில், இடம், தேதி, ஓட்டத்தின் தன்மை ஆகியவற்றோடு கேட்டிருக்க வேண்டும். பதில் 'இல்லை' என்றுதான் வந்திருக்கும்; ஆனால் அந்த 'இல்லை' ஐந்து லட்சம் ரூபாய் அபாயத்தை முன்கூட்டியே காட்டியிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டிப்பு வாங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டாரிஃபில் 31-ஆம் எண் இணைப்பு, அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் நிபந்தனை, ராலிகளுக்கும் தாக்குப்பிடிப்புச் சோதனை ஓட்டங்களுக்கும் கவரை நீட்டிக்கிறது. ஆனால் அந்த இணைப்புக்குள்ளேயே ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு நாள் ஓடுதள ஓட்டத்துக்கென்று தனிப் பாலிசி விற்கிறார்கள். அவற்றிலும் நேரம் அளக்கும் ஓட்டத்தைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறார்கள். கடிகாரம் இருக்கும் இடத்துக்குக் காப்பீட்டாளர்கள் எந்த நாட்டிலும் சுலபமாக வருவதில்லை.

கடனில் இருக்கும், அன்றாட வேலைக்கும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும் தேவைப்படும் ஒரே காரை அங்கே கொண்டு போகக் கூடாது என்பது உரிமையாளரின் மனைவி சொன்ன முடிவு. அவரை அதிகம் உலுக்கியது பழுதுச் செலவல்ல. 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் கவரும் அந்தப் பதினாறு விநாடிகளில் உடனில்லை என்று நான் சொன்னதுதான். பேடாக்கில் 5,000 ரூபாயை மறுத்ததையும், இடித்தவரிடம் எழுதி வாங்காததையும் உரிமையாளர் தம் தவறாகக் குறிப்பிடுகிறார். என் பக்கத்துத் தவறு, இரண்டு கோரிக்கைகளுக்கும் ஒரே உறையில் ஆவணம் அனுப்பியது. இரண்டுக்கும் ஒரே காரணப் பத்தி எழுத நானே வழி செய்து கொடுத்துவிட்டேனோ என்று இன்னும் நினைப்பதுண்டு.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அவர் இருபது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு மாருதி எஸ்டீமைக் குறைந்த விலைக்கு வாங்கினார். எஃப்சி புதுப்பித்து, சாலையில் ஓட்டிச் செல்லச் சட்டம் கேட்கும் மூன்றாம் தரப்புப் பாலிசியை மட்டும் எடுத்திருக்கிறார். ஓடுதளத்தில் அது நசுங்கினால் நசுங்கட்டும் என்பது ஏற்பாடு. செடான் அன்று வீட்டு வாசலில் நின்றது.